வார் தண்டரில் பி-40 வைத்து ஜீரோவை வீழ்த்துவது எப்படி?

வார் தண்டர் என்ற போர்க் கணினி விளையாட்டில் விமானம் ஓட்டப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கிறார்கள். எதிரியைக் கண்டதும் அவன் வாலைப் பிடிக்க வட்டமடிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-40-ஐ ஓட்டிக்கொண்டு ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தோடு அப்படிச் சுற்றினால் சில வட்டங்களிலேயே அது உங்கள் பின்னால் வந்து நிற்கும். பி-40 கனமானது, ஏறுவதிலும் மந்தம். ஆனால் பாய்வதில் கெட்டி. என் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விளையாட்டின் எளிய முறையான ஆர்கேடை விட்டுவிட்டு, நிஜத்துக்கு நெருக்கமான ரியலிஸ்டிக் மோடுக்கு வந்துவிடுங்கள். ஆர்கேடில் எங்கே சுட வேண்டும் என்று திரையே காட்டிவிடும். ரியலிஸ்டிக்கில் அந்தக் குறி இல்லை, உயரத்துக்கும் வேகத்துக்கும் மதிப்பு அதிகம். அதற்காக ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. மவுஸால் திசையைக் காட்டினால் போதும், மூக்கை அங்கே திருப்பும் வேலையை விளையாட்டுக்குள் இருக்கும் 'இன்ஸ்ட்ரக்டர்' பார்த்துக்கொள்கிறது. 2012 நவம்பரில் ஓபன் பீட்டாவாக வந்த இந்த விளையாட்டில் கைஜின் நிறுவனம் எடுத்த நல்ல முடிவுகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். சாதாரண லேப்டாப்பும் ஒரு மவுஸும் வைத்திருப்பவர்கூட நிஜ விமானத்தின் குணத்தை உணர முடிகிறது.

கிளம்பும் முன், விமானத்தைத் தயார்செய்யும் ஹேங்கர் திரையில் இரண்டு வேலை. பி-40-இன் ஒரு வகையான பி-40இ-யின் ஆறு துப்பாக்கிகளும் இறக்கைகளில் இருப்பதால் குண்டுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒன்றுசேரும். அந்த கன்வர்ஜென்ஸ் தூரத்தை 300 மீட்டருக்கு வையுங்கள். எரிபொருளை முழுக்க நிரப்பாதீர்கள், அத்தனையும் வீண் பாரம். அப்புறம் டெஸ்ட் ஃப்ளைட்டில் கொஞ்சம் சுட்டுப் பழகுங்கள்.

ஓடுபாதையை விட்டதும் நேராக எதிரியை நோக்கிப் போக வேண்டாம். வரைபடத்தின் ஓரமாக விலகி, மணிக்கு 250 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் இறங்காமல் பொறுமையாக ஏறுங்கள். போரடிக்கும், உண்மைதான். ஆனால் ஏறிய உயரம்தான் பிறகு வேகமாக மாறும்.

இப்போது முக்கியமான கட்டம். உங்களுக்கு ஆயிரம் மீட்டர் கீழே ஜீரோ ஒன்று வேறு யாரையோ துரத்திக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அது உங்களைக் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் பாயுங்கள். 300 மீட்டர் வரும்வரை விரல் அசையக் கூடாது. அதன் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் குறிவைத்து ஒரு சிறு சரம் சுடுங்கள். இந்தத் தொடக்க கால ஜீரோக்களுக்கு ஓட்டையைத் தானே அடைக்கும் எரிபொருள் தொட்டி கிடையாது, சீக்கிரம் தீப்பற்றும். பட்டதோ படவில்லையோ, திரும்பிப் பார்க்க வட்டமடிக்காதீர்கள். சி பொத்தானை அழுத்திக்கொண்டால் விமானம் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே பின்னால் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பலர் செங்குத்தாக மேலே இழுப்பார்கள். மற்ற விமானங்களிடம் அது சரி, ஜீரோவிடம் ஆபத்து. ஏறுவதில் அது உங்களைவிட மேல். அதனால் இலேசான சரிவிலேயே பறந்து மூன்று கிலோமீட்டராவது விலகிய பிறகு ஏறத் தொடங்குங்கள். துரத்தி வந்தால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே பக்கவாட்டில் உருளுங்கள். 1942-இல் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் விழுந்து கிடந்த ஜீரோ ஒன்றை அமெரிக்கர்கள் எடுத்துவந்து, பழுதுபார்த்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். வேகம் கூடினால் அது உருள மிகவும் சிரமப்படும் என்று அப்போது தெரிந்தது. விளையாட்டிலும் அந்தக் குறை அப்படியே இருக்கிறது.

இந்த உத்தியும் புதிதல்ல. சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வப் படையின் தளபதி கிளேர் செனால்ட், தன் பி-40 விமானிகளுக்கு 1941-லேயே கற்றுத்தந்தது இதுதான்: மேலிருந்து பாய், சுடு, விலகிப் போ, ஜப்பானியரோடு சுழலாதே.

நண்பரோடு ஸ்குவாட் போட்டு விளையாடினால் இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இடைவெளி விட்டுப் பறங்கள். ஒருவர் பின்னால் ஜீரோ ஒட்டிக்கொண்டால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புங்கள். துரத்தி வருபவன் மற்றவரின் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்துவிடுவான். அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாச் வகுத்த முறை இது. 1942-இல் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் அவரே இதைப் பயன்படுத்தினார். இதற்கு வாய்ஸ் சாட் அவசியம். 'இப்போ திரும்பு' என்று சொல்ல ஒரு நொடி தாமதித்தாலும் கணக்கு தவறும்.

குண்டு தீர்ந்தால் சண்டையில் நிற்காதீர்கள். உங்கள் தளத்தில் இறங்கி நின்றால் பழுதும் சரியாகும், குண்டும் நிரம்பும். அதன் பிறகு மறுபடியும் ஓரமாக ஏறுங்கள்.