கனடாவின் வெள்ளி நினைவு நாணயங்கள்: சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு கறுத்தால் திருநீறு தொட்டுத் துடைப்போம். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும். நாணயம் சேர்க்கத் தொடங்கிய புதிதில், அதே பழக்கத்தில் ஒரு வெள்ளி டாலரையும் துடைத்துவிட்டேன். கனடாக் கொடியின் 40ஆவது ஆண்டுக்காக 2005இல் வந்த ப்ரூஃப் நாணயம் அது, அதாவது சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு தனியாக அடித்தது. ஓரத்தில் லேசாக ஏறியிருந்த மஞ்சள் போய்விட்டது. ஆனால் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடி போலிருந்த பின்னணி முழுக்க மயிரிழைக் கீறல்கள். பிறகு ஒரு நாணயக் கடைக்காரரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், நேரே தராசில் வைத்தார். அவர் சொன்ன விலை வெள்ளியின் எடைக்கு மட்டும்.

ப்ரூஃப் நாணயத்தின் அழகே அந்தக் கண்ணாடிப் பரப்புதான். மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய வெள்ளித் தகட்டில் அடிப்பதால் வருவது அது. பற்பசை, சோடா மாவு, வெள்ளிப் பாலிஷ் துணி எதுவானாலும் அந்தப் பரப்பை உரசி எடுத்துவிடும், திரும்ப வராது. வெள்ளியில் காலப்போக்கில் நிறம் ஏறுவது இயல்பு. சீராக ஏறிய நிறத்தை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கை வைக்காதீர்கள். கேப்சூலை, அதாவது நாணயம் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் கூட்டை, திறந்தே ஆக வேண்டுமென்றால் நாணயத்தின் விளிம்பை மட்டும் பிடியுங்கள். முகப்பில் பட்ட விரல் ரேகை சில மாதங்களில் அப்படியே பதிந்து கறுக்கும்.

அடுத்தது, நாணயத்தில் எழுதியிருக்கும் தொகையை நம்புவது. கனடாவின் அரசு நாணயச் சாலையான ராயல் கனேடியன் மின்ட் 1988 முதல் வெளியிடும் சில்வர் மேப்பிள் லீஃப் நாணயத்தில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) வெள்ளி இருக்கிறது, எழுதியிருப்பது 5 டாலர். 2011இல் தொடங்கிய "20 டாலருக்கு 20 டாலர்" வரிசையில், எழுதிய தொகைக்கே விற்ற நாணயத்தில் இருப்பது 7.96 கிராம், அதாவது ஏறத்தாழ கால் அவுன்ஸ். பின்னால் வந்த 100 டாலர் நாணயத்திலும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ்தான். 5 என்று எழுதியதும் 100 என்று எழுதியதும் உலோகக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று.

அந்த 20 டாலர் நாணயங்களைப் பலர் வங்கிச் சேமிப்பு போலவே நினைத்து வாங்கினார்கள். கொடுத்த காசு நாணயத்திலேயே எழுதியிருக்கிறது, நட்டம் எப்படி வரும் என்று தோன்றியது நியாயம்தான். ஆனால் இவை புழக்கத்துக்கு வராத நாணயங்கள். சட்டப்படி செல்லும் பணம் என்றாலும், வங்கியோ கடையோ வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்க மறுத்தால், கையில் இருப்பது கால் அவுன்ஸ் வெள்ளி. வெளியான காலத்தில் அதன் மதிப்பு 20 டாலருக்கு வெகு கீழே இருந்தது.

வெள்ளி டாலர் என்றால் எல்லாம் ஒரே வெள்ளி என்று நினைப்பதும் காசைத் தின்னும். 1935 முதல் 1967 வரை 80 சதவீதம். 1971இல் சேகரிப்பாளர்களுக்காகத் திரும்ப வந்தபோது 50 சதவீதம். 1992இல் 92.5. 2003இல் 99.99 ஆனது, பின்னால் சில ஆண்டுகள் மறுபடியும் 92.5. ஆகவே ஆண்டைப் பார்க்காமல் எடையை மட்டும் வைத்து விலை பேச முடியாது.

இதில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1974இன் வினிபெக் டாலர். நகரத்தின் நூற்றாண்டுக்காக வந்த அந்த நாணயத்தில் 100 என்ற எண் பெரிதாக இருக்கும். அதே வடிவம் இரண்டு உலோகத்தில் வந்தது. 32 மில்லிமீட்டர் அகலம் உள்ளது முழு நிக்கல், சாதாரணப் புழக்கத்துக்கு. 36 மில்லிமீட்டர் உள்ளது பாதி வெள்ளி. படத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும், நிக்கல் டாலர் கவ்விக்கொள்ளும், வெள்ளி டாலர் அசையாது. இணையத்தில் வாங்குகிறவர்கள் விட்டத்தையும் எடையையும் கேட்காமல் காசு அனுப்பக் கூடாது.

சரி, "5,000 மட்டுமே அச்சிடப்பட்டது" என்ற வரிக்கு வருவோம். நாணயத்தோடு வரும் சான்றிதழில் அந்த எண்ணைக் கண்டதும் மனம் அவசரப்படும். அச்சிட்டது குறைவு என்பது ஒன்று, தேடுகிறவர்கள் அதிகம் என்பது வேறு. 1948ஆம் ஆண்டு வெள்ளி டாலரைப் பாருங்கள். 1947இல் இந்தியா விடுதலை பெற்றதால் நாணயத்தில் பொறித்திருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பட்டத்திலிருந்து "இந்தியாவின் பேரரசர்" என்ற சொற்களை நீக்க வேண்டி வந்தது. புதிய அச்சுகள் லண்டனிலிருந்து வரத் தாமதம். அதுவரை 1947 என்ற ஆண்டோடே, பக்கத்தில் ஒரு சின்ன மேப்பிள் இலையைப் போட்டு நாணயம் அடித்தார்கள். புதிய அச்சு வந்து 1948 என்ற ஆண்டோடு அடித்த டாலர்கள் 18,780தான். 1935 முதல் வரிசையாகச் சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் அது தேவை, அதனால் விலை. இன்று 5,000 மட்டும் வருகிற வண்ணப் பறவை நாணயத்துக்கு அப்படிக் காத்திருக்கும் கூட்டம் இல்லை. அடுத்த மாதமே வேறு பறவை வந்துவிடும். நம் ஊர் விடுதலையின் தடம் ஒட்டாவாவில் அடித்த காசில் இருக்கிறது என்பதற்காகவே அந்த மேப்பிள் இலையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்வேன்.

மரப்பெட்டியைக் கண்டு மயங்குவதும் இதே வகைதான். 1976 மொன்றியால் ஒலிம்பிக்குக்காக 1973 முதல் 1976 வரை 28 நாணயங்கள் வந்தன. 5 டாலர் நாணயம் 24.3 கிராம், 10 டாலர் 48.6 கிராம், இரண்டும் 92.5 சதவீதம். ஏராளமாக அடித்ததால், முழுப் பெட்டியையும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் 30 அவுன்ஸ் சொச்ச வெள்ளிக்குத்தான் வாங்குவார்கள். அழகான வரிசை, நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஆனால் யாராவது அபூர்வம் என்று சொல்லி வெள்ளி விலைக்கு மேல் இரட்டிப்பாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை பார்க்கும்போது விற்கிறவர் கேட்கும் விலையை விடுங்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைத் தேடுங்கள்.

போலிகளும் உண்டு, முக்கியமாக மேப்பிள் லீஃபில். 2014 முதல் அதில் லேசரால் பொறித்த மிகச் சிறிய இலை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பூதக்கண்ணாடியில் தெரியும். வெள்ளி விலைக்கும் குறைவாக யாரும் நல்ல வெள்ளி விற்பதில்லை.

வைக்கும் இடத்துக்கு வந்தால், மலிவான மெல்லிய பிவிசி உறைகள்தான் முதல் எதிரி. சில ஆண்டுகளில் நாணயத்தின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒன்று படியும். ரப்பர் பட்டை, செய்தித்தாள், ஈரமான நிலவறை எல்லாம் வெள்ளியைக் கறுப்பாக்கும். கேப்சூலில் வைத்து, பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொதியும் போட்டால் போதும். மேப்பிள் லீஃபில் வெள்ளைப் பால் புள்ளி வந்தால் உங்கள் பராமரிப்பின் குற்றம் இல்லை. அதைக் குறைக்கத்தான் மின்ட் 2018இல் புதிய முறையைக் கொண்டுவந்தது. மின்ட் தந்த பெட்டி, மேலுறை, சான்றிதழ் மூன்றையும் எறியாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.

அப்புறம், ஒரு கொப்பி வாங்கி எழுதி வையுங்கள். நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, வெள்ளிச் சதவீதம், வாங்கிய விலை. நாளைக்கு உங்கள் பிள்ளை அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, 5 டாலர் என்று எழுதியிருக்கும் மேப்பிள் லீஃபை 5 டாலராகவே செலவழித்துவிடக் கூடாது.