ஆன்ஃபீல்டுக்கு முதல்முறை போகிறீர்களா? இப்படித் திட்டமிடுங்கள்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் ஆட்டங்களை டிவியில் மட்டுமே பார்த்தவர்கள், அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்கு நேரில் போக என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மேட்ச் பார்க்கப் போகிறீர்களா, மைதானத்தைச் சுற்றிப் பார்க்கவா என்று முடிவு செய்யுங்கள். மேட்ச் என்றால் கிளப்பில் உறுப்பினராகி, டிக்கெட் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கிடைப்பது கடினம்தான். அதற்காகத் தெருவில் விற்பவரிடம் வாங்கிவிடாதீர்கள். அனுமதியின்றி கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 முதல் குற்றம். என்னைக் கேட்டால், முதல்முறைக்கு மைதானச் சுற்றே போதும். அவசரமில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அடுத்தது தேதி. லிவர்பூல் ஆடும் பிரீமியர் லீக் போட்டிகளின் அட்டவணை ஜூன் மாதமே வந்துவிடும். ஆனால் டிவி ஒளிபரப்புக்காக நாளும் நேரமும் பின்னர் மாறும். அதனால் பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். சுற்றிப் பார்க்க வருபவர்கள் மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்து ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள்.

லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து மைதானம் சுமார் 3 கிலோமீட்டர். நகர மையத்திலிருந்து பஸ் உண்டு.

சரி, வந்தாயிற்று. உடனே உள்ளே நுழையாமல் வெளியே ஒரு சுற்று நடங்கள். ரசிகர்கள் அமரும் கோப் ஸ்டாண்டுக்கு அருகே, அணியின் புகழ்பெற்ற பழைய பயிற்சியாளர் பில் ஷாங்க்லியின் சிலை, கழுத்தில் ரசிகரின் ஸ்கார்ஃபோடு இரு கைகளையும் விரித்து நிற்கும். அப்புறம் ஹில்ஸ்பரோ நினைவிடம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலால் உயிரிழந்த 97 லிவர்பூல் ரசிகர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் மிகச் சிறியவனுக்கு 10 வயது. மக்கள் பூவும் ஸ்கார்ஃபும் வைத்துவிட்டுப் போவார்கள். நின்று பெயர்களைப் படியுங்கள். செல்ஃபி வேண்டாம்.

உள்ளே உடை மாற்றும் அறையைத் தாண்டி மைதானத்துக்கு இறங்கும் வழியில், 'இது ஆன்ஃபீல்டு' என்ற பலகை தொங்கும். கோப்பை வெல்லும்வரை அதைத் தொடக்கூடாது என்று முன்னாள் பயிற்சியாளர் யூர்கன் கிளாப் தன் வீரர்களிடம் சொல்லியிருந்தார். கோப் ஸ்டாண்டுக்கு அந்தப் பெயர் வந்தது, 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் போர் நடந்த ஸ்பியான் கோப் குன்றிலிருந்து. லிவர்பூல் பகுதி வீரர்கள் பலர் அங்கே மாண்டார்கள். காயமடைந்தவர்களைத் தூக்கிச் சென்ற இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தியும் இருந்தார்!

நேரமிருந்தால் ஸ்டான்லி பூங்காவைக் கடந்து, இதே நகரின் இன்னொரு அணியான எவர்ட்டனின் ஆண்கள் அணி 2025 வரை ஆடிய குடிசன் பார்க் மைதானம் வரை நடந்துவிடுங்கள். 1884-லிருந்து ஆன்ஃபீல்டில் ஆடியது எவர்ட்டன் அணிதான், 1891-ல் லீக் பட்டமும் வென்றது. வாடகைத் தகராறில் 1892-ல் அவர்கள் குடிசனுக்கு வெளியேற, காலியான மைதானத்துக்காக அதன் உரிமையாளர் ஜான் ஹோல்டிங் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல்.