பீரோ பட்டறை ஸ்பாட் வெல்டிங் மெஷின்ல செம்பு கம்பிய பதப்படுத்தறது எப்படி

நகை பத்தர் கம்பி இழுக்கறத பாத்திருப்பீங்க. ஓட்டை போட்ட எஃகு தகடுல நாலஞ்சு தடவ இழுத்ததும் கம்பி விறைச்சுக்கும், அதுக்கு மேல இழுத்தா பட்டுனு அறுந்துடும், அதனால நெருப்பு காட்டி இளக்கிட்டு திரும்ப இழுப்பாரு. அந்த நெருப்பு வேலைய கண் மூடி தொறக்கறதுக்குள்ள கரண்ட்டாலயே செய்யலாம், ரெண்டு தகட சேத்து பிடிச்சு பெரிய கரண்ட் விட்டு ஒட்டற ஸ்பாட் வெல்டிங் மெஷினே போதும். வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பீரோ பட்டறைல நான் செஞ்சத வெச்சு சொல்றேன்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு புரியணும். உலோகம் பூரா குட்டி குட்டி படிகம், கிரெயின்னு சொல்லுவாங்க. இழுக்கும்போது அதுக்குள்ள டிஸ்லொகேஷன்னு சொல்ற கோளாறு கோடுங்க ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி ஒன்னுக்கொன்னு சிக்கிக்கும், விறைப்புக்கு காரணமே இந்த சிக்கல்தான். சூடு காட்டினா கோளாறு இல்லாத புது கிரெயின் முளைக்கும். மெதுவா ரொம்ப நேரம் காட்டினா முளைச்சது ஒன்ன ஒன்னு தின்னு பெருசாயிடும், சட்டுனு ஏத்தி சட்டுனு எறக்கினா நெறைய முளைக்கும் ஆனா வளர நேரம் இருக்காது, அதனால கம்பி மென்மையாவும் ஆகும், கிரெயின் சின்னதா இருக்கறதால பலமும் ரொம்ப போகாது. சட்டுனு விட்டு சட்டுனு நிறுத்தற கரண்ட்டுக்கு பல்ஸ்னு பேரு, அதோட அருமையே இதுதான்.

2 மிமீ செம்பு எர்த் கம்பிய எடுத்து பத்தர் கிட்ட குடுத்து 1.6 மிமீ வரைக்கும் இழுத்து வாங்குங்க, நடுவுல காய்ச்ச வேணாம்னு சொல்லிடுங்க. குறுக்கு பரப்பு 36 சதவீதம் குறையும், நமக்கு அந்த விறைப்பு போதும். 10 செமீ துண்டுங்களா நறுக்கி முனைங்கள எமரி பேப்பர்ல நல்லா தேய்ங்க, அழுக்கு இருந்தா பிடிக்கற இடத்துலயே பொறி பறந்து முனை பொசுங்கிடும்.

மெஷின் டைமர் வெச்சதா இருக்கணும், வெறும் கால் மிதி மெஷின் இதுக்கு ஆகாது. டைமர்ல சைக்கிள் கணக்கு இருக்கும், நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், அப்போ 1 சைக்கிள்னா 20 மில்லி செகண்ட். ரெண்டு எலக்ட்ரோடுலயும், அதாவது மெஷின்ல கரண்ட் வெளிய வர்ற முனைங்கள்ல, கனமான செம்பு பட்டை கட்டி கம்பியோட ரெண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கிடுங்க. பட்டறை அண்ணன், "இன்னா தம்பி, தகடே இல்லாம கம்பிக்கு போய் வெல்டு அடிக்கற?"ன்னு கேட்டாரு. ஒட்டறதுக்கு இல்லண்ணா, உள்ள மாத்தறதுக்குன்னு சொன்னேன், அப்புறம் அவரே பக்கத்துல நின்னு சைக்கிள் மாத்தி குடுத்தாரு.

கணக்க போடாம கால வெக்காதீங்க. ஒரு சதுர மிமீக்கு 1000 ஆம்பியர், அதாவது நம்ம கம்பிக்கு சுமார் 2000 ஆம்பியர் போகுதுன்னா செம்பு முதல் சைக்கிள்லயே 100 டிகிரிக்கு மேல ஏறும். சூடு ஏற ஏற மின் தடையும் ஏறும், அதனால கரண்ட் குறையாம இருந்தா ரெண்டாவது முடியறப்போ மொத்தமா 300, மூணாவது முடியறப்போ 550 டிகிரி கிட்ட ஏறியிருக்கும், நாலாவது சைக்கிள் போச்சுன்னா உருகற 1085 டிகிரிக்கே நெருங்கிடும். கரண்ட் ரெண்டு மடங்குன்னா சூடு நாலு மடங்கு, இத மறந்துடாதீங்க. நம்ம வேலூர் மே மாசத்துல கம்பியே 40 டிகிரில தான் இருக்கும், அதையும் கூட்டிக்கணும்.

அதனால குறைஞ்ச டேப்ல (கரண்ட் அளவ மாத்தற படி) 1 சைக்கிள்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு சைக்கிளா ஏத்துங்க. சூடு எவ்ளோன்னு தெரிய கம்பி மேல சின்ன சால்டர் துணுக்கு வெச்சு பாக்கலாம், ஈயம் கலந்த சாதா எலக்ட்ரானிக்ஸ் சால்டர் 183 டிகிரி தாண்டினா இளகும். துத்தநாக துணுக்கு 420ல உருகும். அது உருகின துண்ட சோதனைக்கு எடுக்காதீங்க, துத்தநாகம் செம்போட கலந்துடும், அளவு மட்டும் குறிச்சுக்கிட்டு புது துண்டுக்கு அதே சைக்கிள் குடுங்க. பல்ஸ் முடிஞ்ச உடனே ஈர துணியால அணைச்சுடுங்க.

கண்ணாடி, தோல் கையுறை, ஷூ கட்டாயம். எனக்கு ஒரு துண்டு நடுவுல அறுந்து உருகின செம்பு சொட்டு ஷூ மேல விழுந்துச்சு, செருப்பு போட்டிருந்தா கால் போயிருக்கும். மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க, பேஸ்மேக்கர் வெச்சவங்க கிட்டயே வரக்கூடாது. கெபாசிட்டர் அடுக்கி பல்ஸ் அடிக்கறது, மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்பார்மர பிரிக்கறது ரெண்டும் வீட்டுல வேணவே வேணாம், ஒரே தப்புல உயிர் போயிடும், தயவு செஞ்சு கேளுங்க.

கையால வளைச்சாலே வித்தியாசம் தெரியும், விறைச்ச கம்பி திரும்பி எகிறும், பதமானது வளைச்ச இடத்துலயே நிக்கும். அதோட விடாம காலேஜ் லேப்ல விக்கர்ஸ் ஹார்ட்னஸ் (வைர முனையால அழுத்தி கடினத்த அளக்கறது) எடுங்க, நீளவாக்குல அறுத்து பாலிஷ் போட்டு ஃபெரிக் குளோரைடுல சில நொடி முக்கி மைக்ரோஸ்கோப்ல பாருங்க. இழுத்த கம்பில கிரெயின் நீள நீளமா நார் மாதிரி இருக்கும், பதமானதுல பல கோணமா இருக்கும், நேர் பட்டை பட்டையா ட்வின் கோடும் (கிரெயினுக்குள்ளயே கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பின பகுதியோட ஓரம்) தெரியும். பத்தர் நெருப்புல காய்ச்சின துண்டு ஒன்னும் பக்கத்துல வெச்சு கிரெயின் அளவ ஒப்பிடுங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். 1963ல சோவியத்துல ட்ராய்ட்ஸ்கியும் லிக்ட்மேனும் துத்தநாக படிகத்து மேல எலக்ட்ரான் கதிர் அடிச்சப்போ அது சுலபமா உருமாறுச்சு, அதுலேர்ந்து கரண்ட்டா ஓடற எலக்ட்ரானே டிஸ்லொகேஷன தள்ளுதா இல்ல வெறும் சூடு தானான்னு சண்டை இன்னும் தீரல. நம்ம பட்டறை சோதனைல வர்ற மாற்றத்துக்கு சூடே போதும், எலக்ட்ரான் தள்ளுச்சுன்னு சொல்லணும்னா கரண்ட் இல்லாம அதே வேகத்துல அதே சூட்டுக்கு ஏத்தின துண்டோட ஒப்பிட்டு காட்டணும், அது வரைக்கும் நோட்டுல "சூடு"ன்னு மட்டும் எழுதுங்க.