வெளிநாட்டுப் பயணத்தில் பணம்: எங்கே மாற்றுவது, எப்படி எடுப்பது, எதை மறுப்பது

ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும் ஒவ்வொரு தடவையும் நடுவில் இருக்கும் யாரோ தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். அது மணி சேஞ்சராக இருக்கலாம், உங்கள் வங்கியாக இருக்கலாம், ஏடிஎம் வைத்திருக்கும் நிறுவனமாக இருக்கலாம், கடையில் நீட்டப்படும் ஸ்வைப் மெஷினாகவும் இருக்கலாம். இந்தப் பங்கை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் எவ்வளவு போகிறது என்பதைப் பணம் கைமாறும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். அந்த ஒரு பழக்கம் இருந்தால் பத்து சதவீதம் போகிற இடத்தில் இரண்டு மூன்றோடு நிறுத்திவிடலாம்.

முதலில் நடு விலை

இணையத்தில் தேடினால் வருகிற மாற்று விலை, வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளுக்கு நடுவில் உள்ளது. அந்த விலைக்குச் சாதாரணப் பயணிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனாலும் அளவுகோல் அதுதான். அதற்கும் உங்களுக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் கொடுக்கும் உண்மையான கட்டணம்.

ஓர் எடுத்துக்காட்டு. நடு விலைப்படி ஒரு யூரோவுக்கு 1.10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மணி சேஞ்சர் பலகையில் வாங்கும் விலை 1.02, விற்கும் விலை 1.18 என்று இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் ‘கமிஷன் இல்லை’. நீங்கள் 300 யூரோ கொடுத்தால் 306 டாலர் வரும். நடு விலைக்கு 330 வந்திருக்க வேண்டும். 24 டாலர், அதாவது ஏழு சதவீதத்துக்கு மேல், கமிஷன் என்ற பெயரே இல்லாமல் போய்விட்டது. அந்த 306 டாலரையும் செலவழிக்காமல் அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தால் 259 யூரோதான் கிடைக்கும். அதனால்தான் ‘மிச்சமிருந்தால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்து நிறைய மாற்றக்கூடாது.

பலகையைப் பார்க்கும்போது இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் நியாயமான இடம். அகலமாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். வாங்கும் விலை, விற்கும் விலை என்பதெல்லாம் கடைக்காரரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. உங்கள் கையிலுள்ள யூரோவை அவர் வாங்குகிறார், ஆகவே உங்களுக்கு உரியது வாங்கும் விலை. சில இடங்களில் விற்கும் விலையை மட்டும் பெரிதாக எழுதிவைத்து ஏமாற்றுவார்கள். இந்தக் குழப்பம் எல்லாவற்றையும் ஒரே கேள்வி தீர்த்துவிடும்: “200 டாலர் தந்தால், எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு எவ்வளவு வரும்?” தொகையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும்வரை நோட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

எங்கே, எப்போது மாற்றுவது

அதிகம் புழங்காத நாணயத்தை அதன் சொந்த நாட்டில் மாற்றுவதே பெரும்பாலும் லாபம். அங்கே அந்த நோட்டு தாராளமாகக் கிடைக்கிறது, போட்டிக் கடைகளும் இருக்கின்றன. வெளியே அது அபூர்வச் சரக்கு; வாங்கி வைத்திருப்பவர் அந்தச் சிரமத்தையும் விலையில் சேர்த்துவிடுவார். எனவே டாலர், யூரோ போன்று எங்கும் செல்லும் நோட்டோடு போய் அங்கே மாற்றுங்கள். விமான நிலையத்தில் விலை மோசமாக இருப்பது வழக்கம். இறங்கியதும் ஊருக்குள் போகும் வண்டிச் செலவு, ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு சிம் கார்டு, இவற்றுக்கு வேண்டியதை மட்டும் அங்கே மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் பார்க்கலாம். வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால் பலர் அந்த இரண்டு நாளும் இடைவெளியைக் கூட்டிவைப்பார்கள். முடிந்தால் வார நாளில் மாற்றுங்கள்.

கொண்டுபோகும் நோட்டின் நிலையும் விலையைத் தீர்மானிக்கும். டாலர் என்றால் மடிப்பு, கிழிசல், பேனா எழுத்து, முத்திரை எதுவும் இல்லாத புது நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் பழைய டாலரும் சட்டப்படி செல்லும். ஆனால் பிற நாடுகளில் பல மணி சேஞ்சர்கள் பழைய வரிசை நோட்டுகளைத் திருப்பித் தருவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். 2013 அக்டோபரில் வெளிவந்த, நடுவில் நீலப் பட்டை உள்ள 100 டாலர் நோட்டுக்குத் தொல்லை குறைவு. 50, 100 டாலர் நோட்டுகளுக்கு ஒரு விலை, 1, 5, 10 டாலர் நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைத்திருக்கும் கடைகளும் உண்டு. மாற்றுவதற்குப் பெரிய நோட்டு, அவசரச் செலவுக்குச் சில சிறிய நோட்டு என்று கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய பயணத்தில் மிஞ்சிய பவுண்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள்: பிரிட்டனின் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது. அவற்றை பேங்க் ஆஃப் இங்கிலாந்து மாற்றித் தரும்.

தெருவில் நின்று நல்ல விலை சொல்பவரிடம் மாற்றவே வேண்டாம். நோட்டுக் கட்டில் சிலவற்றை மடித்து வைத்து இரட்டையாக எண்ணுவது, நீங்கள் எண்ணி முடித்த கட்டைத் ‘சரிபார்க்கிறேன்’ என்று திரும்ப வாங்கி நாலைந்தை உருவிக்கொள்வது, செல்லாத நோட்டையோ வேறு நாட்டு நோட்டையோ செருகுவது, இவையெல்லாம் உலகம் முழுக்க நடக்கும் வேலைகள். கடையிலும் கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ணிவிடுங்கள். கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பின் கடைக்காரர் மீண்டும் தொட்டால், மீண்டும் எண்ணுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சில நாடுகளில் மீதிப் பணத்தைத் திருப்பி மாற்ற அந்த ரசீதைக் கேட்பார்கள்.

ஏடிஎம்மில் எடுக்கும்போது

பல நாடுகளில் ஏடிஎம்தான் மணி சேஞ்சரைவிட மலிவு, கட்டணங்களைப் புரிந்துகொண்டு எடுத்தால். மூன்று வகையில் பிடிப்பார்கள். உங்கள் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலையான தொகை எடுக்கும். அதோடு மாற்று விலையின் மேல் குறிப்பிட்ட சதவீதமும் சேர்க்கும். ஏடிஎம் வைத்திருப்பவர் தனியாக ஒரு கட்டணம் வாங்கலாம். வங்கிக்கு 3, ஏடிஎம்முக்கு 4, அதன்மேல் 3 சதவீதம் என்று கொள்வோம். 50 எடுத்தால் மொத்தப் பிடித்தம் 8.50, அதாவது 17 சதவீதம். 300 எடுத்தால் 16, அதாவது ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் இங்கே மிகப் பெரிய நஷ்டம். பத்திரமாக வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு ஒரே தடவையில் எடுங்கள்.

வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. கார்டு மாட்டிக்கொண்டால் உள்ளே போய்க் கேட்கலாம். கார்டு செருகும் வாயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ பிதுங்கியிருந்தாலோ வேறு இடம். பின் நம்பர் அடிக்கும்போது மறு கையால் மூடுங்கள். நான்கு இலக்கப் பின் நம்பரே எங்கும் செல்லும்; ஆறு இலக்கத்தை ஏற்காத மெஷின்கள் உண்டு. விசைப்பலகையில் எழுத்துகள் இல்லாத மெஷின்களும் இருப்பதால், பின்னைச் சொல்லாக நினைவில் வைத்திருப்பவர்கள் எண்ணாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ‘சேவிங்ஸ், கரண்ட், கிரெடிட்’ என்று கணக்கு வகை கேட்டு ஒன்றில் மறுத்தால், மற்றொன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான் கோளாறு. ஆனால் தவறான பின்னை மூன்று தடவை அடித்தால் கார்டு முடங்கிவிடும்.

பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், திரையையும் சீட்டையும் படம் எடுத்து, ஏடிஎம் எண், தேதி, நேரம் குறித்து, உங்கள் சொந்த வங்கியில் புகார் பதியுங்கள். உங்கள் கணக்கு இருப்பது அங்கேதான்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை வேறு வழியே இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் பெரும்பாலான கார்டுகளில் எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

“உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?”

இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் ‘வேண்டாம்’ என்பதுதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலோ விடுதியிலோ கார்டைச் செருகியதும் திரையில் இரண்டு தொகை தோன்றும்: ஒன்று அந்த ஊர் நாணயத்தில், மற்றது உங்கள் ஊர் நாணயத்தில். உங்கள் ஊர் தொகை பழக்கமானதாக இருப்பதால் விரல் அங்கே போகும். அதைத் தொட்டால் மாற்றும் வேலை உங்கள் வங்கியிடமிருந்து கைமாறி, மெஷின் வைத்திருக்கும் நிறுவனத்திடம் போய்விடும். அவர்கள் தங்கள் விருப்பப்படி விலை வைப்பார்கள், அதில் ஒரு பங்கு கடைக்கும் போகும். 100 யூரோ பில்லுக்கு, நடு விலை 1.10 ஆக இருந்து உங்கள் வங்கி இரண்டு சதவீதம் சேர்த்தால் 112.20 டாலர் ஆகும். மெஷின் 1.17 விலை வைத்தால் 117 டாலர். போதாக்குறைக்கு, பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக உங்கள் வங்கி தன் கட்டணத்தையும் மேலே சேர்க்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கி விலைக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டப்படுகிறது என்பதைத் திரையில் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஏடிஎம்மில் இந்தக் கேள்வி இன்னும் தந்திரமாக வரும். ‘மாற்றத்தை ஏற்கிறேன்’ என்பது பச்சை நிறத்தில் பெரிதாகவும், ‘மறுக்கிறேன்’ என்பது சிவப்பில் சிறிதாகவும் இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று பயந்து பலர் ஏற்றுவிடுகிறார்கள். மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். மாற்றும் வேலை மட்டும் உங்கள் வங்கிக்குப் போகும். ஏடிஎம் கட்டணம் பற்றிய கேள்வி வேறு. அதை மறுத்தால்தான் பரிவர்த்தனை நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படித்து எது எந்தக் கேள்வி என்று பிரித்துப் பாருங்கள்.

கடைக்காரர் உங்களைக் கேட்காமலே உங்கள் நாணயத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவதும் நடக்கும். சீட்டில் இரண்டு நாணயமும் ஒரு மாற்று விலையும் அச்சாகியிருந்தால் அதுதான் அடையாளம். அங்கேயே ரத்து செய்து அந்த ஊர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். இணையத்தில் விடுதி, விமானச் சீட்டு வாங்கும்போதும் இதே பொறி உண்டு. பேபாலில் கட்டும்போது, மாற்றத்தைக் கார்டு கொடுத்த வங்கியே செய்யட்டும் என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கார்டுகளைத் தயார் செய்வது

வெவ்வேறு வங்கி, வெவ்வேறு நெட்வொர்க் என்று குறைந்தது இரண்டு கார்டு வேண்டும். ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். இரண்டும் ஒரே பர்ஸில் இருந்தால் இரண்டு வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒன்றைப் பெட்டியிலோ உடன் வருபவரிடமோ வையுங்கள். கிளம்பும் முன் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, தினசரி வரம்பு எவ்வளவு, கார்டு எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். கார்டைத் தடைசெய்ய அழைக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போனுக்குள் இருக்கும் எண்ணால் பயனில்லை.

பலர் கோட்டைவிடுவது ஓடிபி விஷயத்தில். வெளிநாட்டில் புது சிம் போட்டு, பழைய சிம்மைக் கழற்றிவிட்டால் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் பல இணையப் பரிவர்த்தனைகள் நடக்காது. இரட்டை சிம் போனில் பழைய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்து, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால் ஊரில் இருக்கும்போதே அதற்கு மாறிக்கொள்ளுங்கள். சீனாவில் பெரும்பாலான கடைகள் அலிபே, வீசாட் பே வழியாகவே பணம் வாங்குகின்றன. அந்த ஆப்களில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துக் கார்டை இணைக்கும் வேலையையும் ஓடிபி தடையின்றி வருகிற இடத்திலேயே முடித்துவிடுவது உத்தமம்.

விடுதி, வாடகைக் கார், தானியங்கி பெட்ரோல் பங்க் இவை மூன்றும் பில் தொகைக்கு மேல் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும்; விடுபடப் பல நாள் ஆகலாம். இத்தகைய முன்பிடிப்புக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள்.

பல நாணயங்களை ஏற்றிக்கொள்ளும் பிரீபெய்ட் கார்டு விலையை முன்கூட்டியே உறுதிசெய்ய உதவும். ஆனால் அதில் இல்லாத நாணயத்தில் செலவழித்தால் இரட்டை மாற்றம் ஆகும். மீதியைத் திரும்ப எடுக்கவும், பயன்படுத்தாமல் வைத்திருக்கவும் கட்டணம் உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பூஜ்யமும் புள்ளியும்

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் நீலச் சாயல் கொண்டவை. மதிப்பு இருபத்தைந்து மடங்கு வேறு. இருட்டில் வண்டிக்காரருக்குக் கொடுக்கும்போது மாறிப்போவது சகஜம். பெரியதைப் பர்ஸின் தனி அறையில் வையுங்கள். குவைத் தினார், பஹ்ரைன் தினார், ஓமான் ரியால் ஆகியவை ஆயிரமாகப் பிரிவதால் விலையில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரும்: 1.500 என்றால் ஒன்றரை. அதே 1.500 ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஆயிரத்து ஐந்நூறு; அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். போன முதல் நாளே, அந்த ஊர் நாணயத்தில் ஐந்தாறு தொகைகளுக்கு உங்கள் கணக்கில் என்ன மதிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டால் பெரிய தவறுகள் நடக்காது.

எல்லையைத் தாண்டும்போதும், திரும்பும்போதும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும்போதோ வெளியேறும்போதோ 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல். அமெரிக்காவில் சேர்ந்து பயணிக்கும் குடும்பத்துக்கு மொத்தமாகக் கணக்கிடப்படும். இது வரி இல்லை, கொண்டுபோகத் தடையும் இல்லை. அறிவிக்காமல் பிடிபட்டால்தான் பணம் பறிமுதலாகும் அபாயம். துனீசியாவின் தினாரை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. இப்படிப்பட்ட நாடுகளில் கிளம்பும் முன்பே மீதியைத் தீர்த்துவிட வேண்டும்.

சில்லறைக் காசுகளைப் பெரும்பாலான மணி சேஞ்சர்கள் வாங்கமாட்டார்கள். கடைசி இரண்டு நாள் காசைத் தேடித் தேடிச் செலவழியுங்கள். மிஞ்சும் நோட்டுகளை விடுதி பில்லின் ஒரு பகுதியாகக் கொடுத்து, பாக்கியைக் கார்டில் போடச் சொல்லலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் ரசீதுகளைத் தூக்கி எறிய வேண்டாம். கார்டு பரிவர்த்தனைகள் கணக்கில் ஏறப் பல நாள் ஆகலாம். விடுதியின் முன்பிடிப்பு விடுபட்டதா, ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருக்கிறதா, வாங்காத எதற்காவது தொகை கழிந்திருக்கிறதா என்று அடுத்த ஸ்டேட்மெண்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால் உடனே எழுத்தில் வங்கிக்குச் சொல்லுங்கள். புகார் தர வங்கிகள் கெடு வைத்திருக்கின்றன, அது கடந்தால் ரசீது கையில் இருந்தாலும் பணத்தை மீட்பது கடினம்.