சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 50 வருடத்தைத் தாண்டிவிட்டது. அதை ஒட்டி நினைவுக் குறிப்புகள் நிறைய வருகின்றன, படிக்கவும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒருவர் எழுதிய பிழையை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட, அதுவே வரலாறு ஆகிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த நிலையம் என்பதால் இது மனதை உறுத்துகிறது.

பெயரில்தான் முதல் குழப்பம். "1975ல் பொதிகை தொடங்கியது" என்று எழுதாதீர்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது மதராஸ் தொலைக்காட்சி நிலையம். அப்போது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் கீழ்தான் இருந்தது, 1976 ஏப்ரல் 1ல்தான் தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. செயற்கைக்கோள் வழித் தமிழ்ச் சேனல் 1993ல் வந்தது. அதற்குப் பொதிகை என்று பெயர் வைத்தது 2000ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, அது டிடி தமிழ் ஆனது 2024 ஜனவரியில். சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் நிலையம் வேறு, சேனல் வேறு. இன்னொன்று, நிலையம் தொடங்கியபோது எமர்ஜென்சி அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லாமல் அந்தக் காலத்துச் செய்திகளைப் பற்றி எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 1975லிருந்தே தமிழ்நாடு முழுக்க டிவி பார்த்தது போல எழுதுவது. சென்னை டிரான்ஸ்மிட்டரின், அதாவது ஒளிபரப்புக் கருவியின், அலை சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. தெற்கே கடலோர ஊர்களில் பலர் முதலில் பார்த்தது 1982ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத்தான், மொட்டை மாடியில் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் போட்டு, ஒருவர் மேலே திருப்பத் திருப்ப கீழே இருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியுது, நிறுத்து" என்று கத்தி. 1984 வாக்கில் பல ஊர்களில் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் வந்தன, சரி, ஆனால் அவை இன்சாட் 1பி செயற்கைக்கோள் வழியாக டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே அஞ்சல் (மறு ஒளிபரப்பு) செய்தவை. வீட்டில் டிவி இருக்கும், தமிழ் இருக்காது. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களில் நிறையப் பேருக்கு வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ஒளியும் ஒலியும் கிடைத்தது. அதனால் யாராவது "நாங்க சின்ன வயசுல பார்த்தோம்" என்றால் உடனே எழுதிவிடாதீர்கள், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். வருடம் நினைவில்லை என்றால் டிவி லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1980களின் நடுப்பகுதி வரை தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய பெட்டியில் அது கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நிகழ்ச்சி நடுவில் நின்றால் திரையில் வந்த "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையைச் சொல்லி ஸ்டுடியோக்காரர்களைக் குறை சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் யோசியுங்கள். அந்த அட்டை உங்கள் வீட்டில் தெளிவாகத் தெரிகிறது என்றால் டிரான்ஸ்மிட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. ஸ்டுடியோவில் இருக்கலாம், டெல்லியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கலாம், சென்னைக்கும் அஞ்சல் நிலையத்துக்கும் நடுவில் இருக்கலாம். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தால்தான் டிரான்ஸ்மிட்டரையோ உங்கள் ஆன்டெனாவையோ சந்தேகப்பட வேண்டும். அட்டை தெரிந்த அந்த நிமிடங்களில் எங்கே அறுந்தது என்று தேடி வேர்த்துக்கொண்டிருந்தவர்கள் பொறியாளர்கள். அவர்கள் பெயர் எந்த நினைவுக் குறிப்பிலும் வருவதில்லை.

வண்ணம் வந்த கதையிலும் கவனம் வேண்டும். 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது என்பது சரி. அதற்காக அடுத்த நாளே எல்லா வீடுகளிலும் வண்ணம் தெரியவில்லை, கருப்பு வெள்ளைப் பெட்டியே பல வருடம் ஓடியது.

அப்புறம், பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் ஏதோ ஒரு பீரோவில் பத்திரமாக இருக்கும், நிலையத்தார்தான் வெளியிட மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். நேரலையாகப் போன பல நிகழ்ச்சிகள் பதிவே ஆகவில்லை. டேப் விலை அதிகம் என்பதால் பதிவானவற்றிலும் பலவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். யூடியூபில் கிடைக்கும் துண்டுகளில் போட்டிருக்கும் வருடத்தையும் அப்படியே நம்பாதீர்கள், ஏற்றியவர் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும்.

பேட்டி எடுக்கப் போகிறவர்கள் செய்தி வாசிப்பாளர்களோடும் அறிவிப்பாளர்களோடும் நின்றுவிடுகிறார்கள். முகம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். ஃப்ளோர் மேனேஜர், ஒப்பனைக்காரர், செட் போட்ட தச்சர், டியூட்டி ரூமில் போன் எடுத்தவர், மலை உச்சி டிரான்ஸ்மிட்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர், இவர்களைத் தேடிப் போங்கள். "உங்க வேலை எப்படி இருந்தது" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கரண்ட் போன அன்றைக்கு முதலில் எந்த சுவிட்சைத் தொட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் சொல்வார்கள்.