கோடையில் டிரெய்லர் எடுப்பவர்களுக்கு: ஃப்ரிட்ஜ் குளிர வேண்டுமானால்

மே மாதக் கடைசியில் பள்ளிகள் மூடியதும் டெக்சாஸில் நம் வீடுகளில் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன வீடு பற்றிய பேச்சு தொடங்கிவிடும். டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் புதிதாக வந்த குடும்பங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிக் பெண்ட் பக்கமோ கடற்கரைக்கோ போய் வருகிறார்கள். இழுத்துச் செல்ல பிக்கப் வண்டி இல்லாவிட்டாலும் கவலையில்லை. டிரெய்லரை கேம்ப்கிரவுண்டுக்கே கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

சமையலறை கூடவே வருவதுதான் நமக்கு இதில் பெரிய வசதி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், தயிர்சோறு இல்லாமல் தூங்காத குழந்தைகள், ஊரிலிருந்து இன்சுலினோடு வந்திருக்கும் அப்பா அம்மா என்று எல்லோரையும் அழைத்துப் போகலாம். ஆனால் இத்தனை பேர் சாப்பாடும் மருந்தும் ஒரு சின்ன ஃப்ரிட்ஜை நம்பி இருக்கின்றன. அது வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி வேலை செய்யாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புகிறவர்கள் ஜூலை வெயிலில் இரண்டாம் நாளே பாலையும் கறியையும் குப்பையில் கொட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

வாடகைக்குக் கிடைக்கும் டிரெய்லர்கள் பலவற்றில் இருப்பது அப்சார்ப்ஷன் வகை ஃப்ரிட்ஜ். கதவில் டொமெடிக் அல்லது நார்கோல்ட் என்ற பெயரைப் பார்ப்பீர்கள். இதில் கம்ப்ரஸர் கிடையாது. 1922-இல் ஸ்வீடனில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் உருவாக்கிய முறை அடிப்படை மாறாமல் இன்றும் தொடர்கிறது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து மூடிய இரும்புக் குழாய்கள் ஃப்ரிட்ஜின் முதுகில் இருக்கும். அடியில் ஒரு சின்ன கேஸ் சுடரோ, கரண்டில் சூடாகும் கம்பியோ அந்தக் கலவையைக் கொதிக்க வைக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போகும். மேலே தகடு தகடாக இருக்கும் பகுதியில் தன் சூட்டை வெளிக்காற்றில் இறக்கிவிட்டுத் திரவமாகும். அப்புறம் ஃப்ரீசர் பக்கம் இறங்கி, ஹைட்ரஜனோடு கலந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கடைசியில் தண்ணீரில் கரைந்து கீழே சுடருக்கே திரும்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அந்த மேல் தகடுகள். வெளிக்காற்று 75 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் அங்கே சூடு சுலபமாக இறங்கும். 105 டிகிரிக் காற்று, மேற்கு வெயில் காய்ச்சிய சுவருக்குப் பின்னால் தேங்கி நின்றால், அம்மோனியா ஒழுங்காகத் திரவமாகாது. திரவம் குறைந்தால் குளிரும் குறையும். அப்போது உள்ளே பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பலன் இருக்காது. டிரெய்லர் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் காரணத்தை முதலில் அதன் முதுகுப் பக்கம் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

உங்கள் டிரெய்லரில் எந்த வகை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. வெளிச்சுவரில் ஃப்ரிட்ஜுக்கு நேராகச் சன்னல் பலகை போல் இடைவெளி விட்ட பிளாஸ்டிக் மூடி இருந்து, ஃப்ரிட்ஜின் பட்டன்களில் ‘கேஸ்’ என்றும் இருந்தால் அப்சார்ப்ஷன். புதிய டிரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வருகிறது. அது வெயிலை நன்றாகத் தாங்கும். அதற்குக் கவலை பேட்டரிதான். கரண்ட் இல்லாத இடத்தில் தங்குவதாக இருந்தால் பேட்டரியும் சோலாரும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள்

அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் குளிர நேரம் எடுக்கும். 24 மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். டிரெய்லர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது என்றால், 30 ஆம்ப் பிளக்கை வீட்டு சாக்கெட்டில் செருகத் தனி அடாப்டர் கிடைக்கும். ஃப்ரிட்ஜுக்கு அது போதும். ஆனால் அந்த சாக்கெட்டில் டிரெய்லரின் ஏசியைப் போடாதீர்கள், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரையும் பயன்படுத்தாதீர்கள். வயர் சூடாகி உருகிவிடும். மோட்டார் சத்தமே கேட்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். இது சத்தமில்லாமல்தான் ஓடும்.

உள்ளே வைக்கும் எதுவும் முன்பே வீட்டு ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததாக இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் குளிரைக் காப்பாற்றும் அளவுக்குத்தான் இந்த ஃப்ரிட்ஜுக்குப் பலம் உண்டு; சூடான சாம்பாரைக் குளிர வைக்கும் பலம் கிடையாது. கடையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் வைத்துவிடுங்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 4 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

சமமாக நிறுத்துவது

குழாய்க்குள் திரவம் தானாகச் சரிந்து ஓடித்தான் திரும்ப வேண்டும் என்பதால் டிரெய்லர் சமதளத்தில் நிற்க வேண்டும். ஃப்ரீசர் தட்டில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். சாய்வாக நிற்கும்போது திரவம் ஓரிடத்தில் தேங்கி, கொதிக்கும் பகுதி வறண்டு அதிகமாகச் சூடாகும். குழாய் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த உப்பு அங்கே படிந்து அடைத்துக்கொண்டால் அந்த அடைப்பை எடுக்க வழியில்லை, குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது குலுங்குவதால் பிரச்சினை இல்லை. ஓட்டலில் சாப்பிட இறங்கி ஒரு சரிவில் ஒன்றரை மணி நேரம் நிறுத்துவதுதான் கெடுதல். அப்படி நிறுத்த வேண்டி வந்தால் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள்.

நிறுத்தும் திசையும் முக்கியம். முன்பதிவு செய்யும்போதே கேம்ப்கிரவுண்டின் வரைபடத்தையும் சேட்டிலைட் படத்தையும் பார்த்து, ஃப்ரிட்ஜ் இருக்கும் சுவர் வடக்கையோ கிழக்கையோ பார்க்கிற மாதிரி இடம் எடுங்கள். நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன், காட்சி எப்படி என்பது இரண்டாவது. மேற்கில்தான் அமைந்தது என்றால், மதியம் 2 மணிக்கு மேல் அந்தச் சுவருக்கு நிழல் கொடுங்கள். அந்தப் பக்கம் சுருட்டிவைத்த கூடாரத்துணி இருந்தால் இழுத்துவிடலாம். இல்லையென்றால் கொஞ்சம் தள்ளிக் கம்பு நட்டு ஒரு வெள்ளைத்துணியைக் கட்டலாம். மூடியின் மேலேயே துணியைப் போட்டுவிடாதீர்கள். காற்று போகும் வழி அதுதான்.

முதுகுப் பக்கம்

வெளிச்சுவரின் கீழ் மூடியை ஒரு காசால் கால் திருப்பு திருப்பினால் கழன்று வரும். வாடகை வண்டியென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே கருப்புக் குழாய்கள், தகரப் பெட்டிக்குள் பர்னர், மேலே இருட்டுக்குள் ஏறும் இடைவெளி தெரியும். டார்ச் அடித்து மேலே பாருங்கள். டெக்சாஸில் அடிக்கடி அங்கே இருப்பது குளவி கட்டிய மண்கூடு. கூரை மூடியின் வலையில் காய்ந்த இலையோ பறவைக்கூடோ அடைத்திருக்கும். கீழே நுழையும் காற்று சூடாகி மேலே ஏறிப் போவது விறகடுப்பின் புகைபோக்கி மாதிரிதான். நடுவே கொஞ்சம் அடைத்தாலும் இழுப்பு போய்விடும். குப்பையை எடுத்துச் சுத்தம் செய்தாலே பல ஃப்ரிட்ஜுகள் சரியாகிவிடும்.

அதன்பிறகும் திணறினால் ஃபேன் வைக்க வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றோ இரண்டோ போதும். மேல் தகடுகளுக்குக் கீழே, காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி மாட்ட வேண்டும். பர்னர் பக்கம் காற்று வீசக் கூடாது, சுடர் அணைந்துவிடும். தகடு சூடானதும் தானே ஓடி, ஆறினதும் நிற்கும் சிறிய தெர்மோஸ்டாட் சுவிட்சும் கிடைக்கும். இன்னொன்று: குழாய்களுக்கும் பின் சுவருக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் இருந்தால், காற்று தகட்டைத் தொடாமலே பின்னால் ஏறிப் போய்விடும். அந்த இடைவெளியில் தகரத்தை வளைத்து வைத்துக் காற்றைத் தகட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். சொந்த டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஒருநாள் வேலை. ஃப்ரிட்ஜ், வெளியே நீளும் அறைப்பகுதியில் இருந்து, மேல் மூடியும் கூரையில் இல்லாமல் சுவரிலேயே இருந்தால் ஃபேன் இல்லாமல் கோடையைச் சமாளிப்பது கஷ்டம்.

கரண்டா, கேஸா

இடத்துக்கு இடம் மாறும். கேம்ப்கிரவுண்டில் கரண்ட் இருந்தால் அதில் ஓட்டுவது இயல்புதான். ஆனால் மாலை 4 மணிக்கு எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 120-க்குப் பதில் 105 வோல்ட் வந்தால் சூடாக்கும் கம்பியின் சக்தி சுமார் 23 சதவீதம் குறைந்துவிடும், வெயில் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில். சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வைத்திருங்கள். இறங்கியது தெரிந்தால் கேஸுக்கு மாற்றுங்கள். சுடர் நீலமாக, ஆடாமல் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். அந்த மாதிரி இடங்களில் காற்று மெலிவதால் கேஸ் சுடர் தகராறு செய்யலாம், அங்கே கரண்ட் நல்லது. பெட்ரோல் பங்கில் நுழையும் முன் கேஸை அணைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அங்கே திறந்த சுடர் எரியக் கூடாது.

பாத்திரங்களும் இட்லி மாவும்

இந்த ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் உள்ளே ஃபேன் கிடையாது. குளிர்ந்த காற்று பின்பக்கத் தகட்டிலிருந்து தானாக இறங்கிச் சுற்ற வேண்டும். நாம் எவர்சில்வர் டப்பாக்களை இடைவெளி இல்லாமல் அடுக்குவோம், தட்டில் பிளாஸ்டிக் ஷீட்டும் விரிப்போம். இரண்டும் காற்றை நிறுத்திவிடும். விரல் நுழைகிற அளவுக்காவது இடம் விடுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேனை உள்ளே வைத்தால் நல்ல பலன் இருக்கும். தகட்டில் பனி படர்ந்தால் அணைத்து உருக விடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகலாம். பின்தகட்டில் கம்பியோடு ஒரு சின்ன கிளிப் மாட்டியிருந்தால் அதை மேலே நகர்த்துங்கள், குளிர் கூடும்.

இட்லி மாவுதான் இங்கே முதலில் காட்டிக்கொடுக்கும். வீட்டில் மூன்று நாள் அசையாமல் இருக்கும் மாவு, 48 டிகிரியில் மெல்லப் பொங்கிக்கொண்டே இருக்கும். மாலைக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். அதோடு ரப்பர் ஒட்டாமல் போய், சூடான காற்று உள்ளே வரத் தொடங்கும். மாவைப் புளிக்க வைக்காமலே எடுத்துப்போய், பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, தகட்டுக்கு அருகில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் கதவில் ஒரு டாலர் நோட்டைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

சாம்பாரையும் குழம்பையும் சின்னச் சின்னப் பைகளில் வீட்டிலேயே உறைய வைத்துக் கொண்டுபோனால், அவையே முதல் இரண்டு நாளுக்கு ஐஸ் கட்டி வேலையும் பார்க்கும். தேங்காய்ச் சட்னியை அங்கேயே அரைப்பது உத்தமம். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பொடி வகைகள் இருந்தால் ஃப்ரிட்ஜின் பாரம் பாதி குறையும். தண்ணீர் பாட்டிலும் ஜூஸும் தனி ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். குழந்தைகள் நாள் முழுக்கத் திறக்கும் கதவு அதுவாக இருக்க வேண்டும்.

திறக்காத இன்சுலின் 36 முதல் 46 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தகட்டுக்குப் பக்கத்தில் உறைந்துவிடும், கதவுப் பக்கம் சூடாகிவிடும். மருந்துக்கென்றே இருக்கும் குளிர்ப்பை வாங்கிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் டிரெய்லர் ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம்.

சமைத்த உணவு, பால், கறி, மீன் எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மோந்து பார்த்து முடிவு செய்யும் நம் பழக்கம் இங்கே உதவாது. நோய் தரும் கிருமி எல்லாம் வாடை காட்டாது.

டிரெய்லருக்குள் கண் எரியும்படி அம்மோனியா வாடை வந்தால், எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, முடிந்தால் ஃப்ரிட்ஜை அணையுங்கள். முதுகுப் பக்கக் குழாயில் மஞ்சள் பொடி தென்பட்டாலும் அதே அர்த்தம்: கசிவு. அந்த ஃப்ரிட்ஜை மறுபடி போடக் கூடாது. சொந்தமாகப் பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பொடியைத் தேடிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அணைத்து, வெந்நீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் கலந்து துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிடுங்கள். மூடிவைத்தால் டெக்சாஸ் ஈரத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்; மீன் வாடையும் சேர்ந்தால் உரிமையாளர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.