பூங்காவிலிருந்து ஆற்றுக்கு இறங்க நல்ல வழி அமைப்பது எப்படி

ஆற்றோரப் பூங்காவைச் சீரமைக்கும் வேலை வந்தால், நான் வரைபடத்தை அப்புறம்தான் பிரிப்பேன். முதலில் கரையில் ஒற்றையடித் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். வேலி போட்டிருந்தாலும் அதை வளைத்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். அந்த இடத்தில் மக்களுக்கு ஆறு வேண்டியிருக்கிறது என்று பொருள். வேலை நாள் காலையிலும் விடுமுறை மாலையிலும் போய்ப் பாருங்கள். யார் வருவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முட்டி வலி உள்ள முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும்தான் மேலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆனால், மக்கள் இறங்கும் இடமெல்லாம் இறங்கத் தகுந்த இடம் இல்லை. ஆறு வளையும்போது வெளிப்புறக் கரையை நீர் வேகமாக அரிக்கும், ஆழமும் அங்கேதான் அதிகம். உட்புறத்தில் வேகம் தணிந்து மணல் படியும். குழந்தைகள் கால் நனைக்க உட்புறம் நல்லது. ஆனால் அங்கே படித்துறை கட்டினால் மணல் மூடிவிடும், படகும் தரை தட்டும். படித்துறைக்கும் படகுத்துறைக்கும் ஆறு நேராக ஓடும், கரை உறுதியான பகுதியைத் தேடுங்கள். தடுப்பணைக்குக் கீழே மட்டும் ஒருபோதும் வேண்டாம். மேலிருந்து விழும் நீர் அடியில் சுருண்டு ஆளைத் திரும்பத் திரும்ப அணைப் பக்கமே இழுக்கும். நன்றாக நீந்துபவரும் அதில் சிக்கிக்கொள்வார்.

சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளத்துக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். 1 மீட்டர் இறங்க 12 மீட்டர் நீளம் என்பது குறைந்தபட்சம். 20 மீட்டர் கிடைத்தால் தள்ளுபவருக்கும் மூச்சு வாங்காது. ஒவ்வொரு 75 செ.மீ. இறக்கத்துக்கும் ஒன்றரை மீட்டர் சமதளம் விடுங்கள். கரை 3 மீட்டர் உயரம் என்றால் சமதளங்களைச் சேர்க்காமலே 36 மீட்டர் ஆகிவிடும். அதனால் ஆற்றை நோக்கி நேராக இறக்காமல், கரையை ஒட்டிச் சாய்வாக இறக்குங்கள். இடமில்லை என்று சாய்வைச் செங்குத்தாக்கிவிட்டு அதற்குச் சாய்தளம் என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

படிகள் 15 செ.மீ. உயரம், 30 செ.மீ.க்குக் குறையாத அகலம், எல்லாம் ஒரே அளவு. கடைசிப் படி கோடையின் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் கீழே போக வேண்டும், கைப்பிடியும் கூடவே போக வேண்டும். பளபளக்கும் கல், ஓடு எதுவும் கூடாது, பாசி பிடித்தால் வழுக்கும். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்குவது மலிவான, நல்ல வழி.

வெள்ளத்தின் உயரம் அறிய மரக்கிளையில் தொங்கும் குப்பையைப் பாருங்கள், பழைய ஆட்களையும் கேளுங்கள். கழிப்பறை, மின்பெட்டி எல்லாம் அதற்கு மேலேதான். கீழே வைக்கும் பெஞ்சை அடித்தளத்தோடு பிணைத்துவிடுங்கள். அதற்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் இருக்கட்டும், பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடமும் விடுங்கள்.

இறங்கும் இடங்கள் இரண்டோ மூன்றோ போதும். மீதிக் கரையைச் செடிகளுக்கு விட்டுவிடுங்கள். அந்த மண்ணுக்கே உரிய நாணலும் புதரும் வேரால் கரையைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்கும் பறவைக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். முழுக் கரைக்கும் கான்கிரீட் பூசுவது பணத்தையும் ஆற்றையும் சேர்த்து வீணாக்கும் வேலை.

ஒவ்வொரு துறையிலும் கயிறு கட்டிய மிதவை வளையம், ஆழம் காட்டும் அளவுகோல், இடத்தின் பெயரும் அவசர எண்ணும் எழுதிய பலகை வேண்டும். குளிக்க விடுவதாக இருந்தால் நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவின் அளவைத் தவறாமல் சோதியுங்கள். பெருமழைக்குப் பிறகு சாக்கடையும் சாலைக் கழிவும் ஆற்றில் கலக்கும், ஆகவே இரண்டு மூன்று நாள் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பு வையுங்கள்.

கட்டும் பணத்தைக் கேட்கும்போதே பராமரிப்புப் பணத்தையும் கேளுங்கள். வெள்ளம் வடிந்ததும் படியில் ஒட்டும் சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவினால் எளிதில் போகும், காய்ந்தால் மண்வெட்டி வேண்டும். அதை யார் கழுவுவது, தண்ணீர்க் குழாய் எங்கே, வண்டி எந்த வழியாக இறங்கும் என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.